பேஸ்பாலில் ‘ஜர்னிமேன்’ என்பவர் யார்? ஒரு வெளிக்கள ஆட்டக்காரரின் வழியே ஓர் எளிய விளக்கம்

அமெரிக்க பேஸ்பால் பற்றிய செய்திகளைப் படிக்கத் தொடங்கும் எவரும் ‘ஜர்னிமேன்’ என்ற சொல்லை விரைவிலேயே எதிர்கொள்வார்கள். ஓர் அணியிலும் நிலைத்து நிற்காமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில வேளைகளில் ஒரே ஆண்டில் இருமுறைகூட, அணி மாறிக்கொண்டே இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரரை இச்சொல் குறிக்கிறது. அதில் பயணம் என்ற பொருள் ஒலிப்பதால், ஊர் ஊராகப் பயணம் செய்பவர் என்பதே அதன் மூலப் பொருள் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது நாளைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பிய நகரங்களில் தச்சோ கொல்லோ கற்க வந்த இளைஞன், பயிற்சிக் காலம் முடிந்த பிறகும், சொந்தப் பட்டறை வைக்கும் தகுதியை அடையும்வரை, பிறருடைய பட்டறையில் நாட்கூலிக்கு வேலை செய்தான். தொழிலை முழுதாகக் கற்றவன், ஆனால் பட்டறை அவனுடையதன்று, அவனே ஜர்னிமேன். பேஸ்பாலில் இச்சொல்லைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய பொருளே நமக்கு உதவும். ஜர்னிமேன் என்று அழைக்கப்படும் ஆட்டக்காரர் திறமையில் குறைந்தவர் அல்லர். உலகின் மிகக் கடினமான பேஸ்பால் போட்டியில் பத்து, பதினைந்து ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் அளவுக்குத் தொழில் தெரிந்தவர். அவரை மையமாக வைத்து எந்த அணியும் கட்டப்படுவதில்லை என்பதே அவருக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு.

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. ஆஸ்திரேலியாவின் ஆரோன் பிஞ்ச் அங்கே 9 அணிகளுக்கு ஆடியிருக்கிறார். ஆனால் ஐ.பி.எல். ஆண்டுக்கு இரண்டு மாதம் நடக்கும் போட்டி. ஆட்டக்காரர் ஏலத்துக்குத் தாமே பெயர் கொடுக்கிறார். அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் 30 அணிகள் உள்ளன, ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அங்கே அணி மாற்றம் பெரும்பாலும் ஆட்டக்காரரைக் கேட்டு நடப்பதில்லை. காலையில் ஓர் ஊரில் பயிற்சி செய்தவருக்கு மாலையில் வேறோர் ஊர்ச் சட்டை தரப்படுகிறது. இது எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை ராஜாய் டேவிஸ் என்னும் ஆட்டக்காரரின் வாழ்வைக் கொண்டு விளக்க முயல்கிறேன். 2006 முதல் 2019 வரை 14 பருவங்களில் 8 அணிகளுக்கு ஆடிய வெளிக்கள ஆட்டக்காரர் அவர்.

முதலில் வெளிக்களம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பேஸ்பால் மைதானம் விரித்த விசிறியைப் போன்றது. விசிறியின் காம்பு இருக்கும் இடத்தில் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டும், அதை ஒட்டி வைர வடிவில், ஓட்டம் பெற ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி வர வேண்டிய மூன்று பேஸ்களும் அமைந்திருக்கும்; இப்பகுதி உட்களம். அதற்கு அப்பால் மதில்வரை விரியும் புல்வெளி வெளிக்களம். அந்தப் பரப்பு முழுவதையும் காப்பவர்கள் மூன்றே பேர்: இடது, நடு, வலது வெளிக்கள ஆட்டக்காரர்கள். நடுவில் நிற்பவர் மிக விரைவாக ஓட வேண்டும். வலப்பக்கம் நிற்பவருக்கு வலுவான எறிகை வேண்டும், ஏனெனில் அங்கிருந்து மூன்றாம் பேஸ் வெகு தொலைவில் உள்ளது. இடப்பக்கம் இவ்விரண்டிலும் சற்றுக் குறைந்தவரும் சமாளிக்கலாம். ஆனால் மட்டையால் அதை ஈடுசெய்ய வேண்டும்.

ஓர் உண்மை இங்கே முக்கியம். உட்களத்தில் ஆடிப் பழகிய ஒருவரை வெளிக்களத்துக்கு மாற்றுவது ஓரளவு எளிது. வெளிக்களத்தில் வளர்ந்தவரை உட்களத்துக்குக் கொண்டுவருவது அரிது. ஆகவே வெளிக்கள இடங்களுக்கு எப்போதும் போட்டி அதிகம். அணி நிர்வாகத்தின் கண்ணுக்கு ஒரு சராசரி வெளிக்கள ஆட்டக்காரர் மாற்று கிடைக்கக்கூடியவராகவே தெரிகிறார். ஜர்னிமேன்களில் வெளிக்களத்தாரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கணக்கு. ஓர் அணியின் ஆட்டப் பட்டியலில் இன்று 26 பேர் இருக்கலாம். டேவிஸ் ஆடிய காலத்தில் பருவத்தின் பெரும்பகுதிக்கு 25 பேர். இன்றைய விதிப்படி அந்த 26 பேரில் 13 பேர்வரை பந்தெறியும் பிட்சர்களாக இருக்கலாம், பெரும்பாலான அணிகள் அந்த எல்லையை முழுவதும் பயன்படுத்துகின்றன. எஞ்சும் 13 பேரில், பிட்சருக்குப் பதில் மட்டை பிடிப்பவரையும் சேர்த்து, நாள்தோறும் ஆடுவோர் 9 பேர். ஆக, இருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் நால்வர் மட்டுமே. அவர்களில் ஒருவர் மாற்று கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர். ஒருவர் உட்களத்தின் பல இடங்களிலும் நிற்கக்கூடியவர். மீதமுள்ள ஒன்றிரண்டு இடங்களில்தான் ‘நான்காவது வெளிக்கள ஆட்டக்காரர்’ என்று அழைக்கப்படுபவர் அமர்கிறார். ஜர்னிமேன் வெளிக்கள ஆட்டக்காரரின் பிழைப்பு பெரும்பாலும் இந்த ஒற்றை இருக்கையைச் சுற்றியே நடக்கிறது.

அந்த இருக்கையில் அமர்பவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தேர்ந்தவராக இருப்பதைவிட, ஏதேனும் ஒன்றில் மிகத் தேர்ந்தவராக இருப்பது மேல். டேவிஸுக்கு அப்படி இரண்டு இருந்தன. ஒன்று, ஓட்டம். பேஸ்பாலில் ஒரு பேஸில் நிற்கும் ஓட்டக்காரர், பிட்சர் மட்டையாளரை நோக்கிப் பந்தை எறியத் தொடங்கும் கணத்தில், யாரும் பந்தை அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடி அதைக் கைப்பற்றலாம். இதைத் திருட்டு என்றே சொல்வார்கள். பந்து அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்து, அதைப் பிடித்தவர் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். முழுத்தொலைவு 90 அடி. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் இருப்பது நொடியின் ஒரு சிறு பகுதி. டேவிஸ் தம் வாழ்நாளில் 415 முறை இதில் வென்றார்.

இரண்டாவது, இடக்கைப் பிட்சர்களை எதிர்கொள்ளும் திறன். வலக்கை மட்டையாளர்களுக்குப் பொதுவாக இடக்கைப் பிட்சரின் பந்து எளிதாகத் தெரியும். பந்து வெளியிலிருந்து உடலை நோக்கி வருவதால் அதன் பாதையை முன்பே கணிக்க முடிகிறது. இடக்கை மட்டையாளருக்கு வலக்கைப் பிட்சர் அவ்வாறே. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, எதிரணியின் பிட்சர் எந்தக் கையர் என்பதைப் பார்த்து, ஒரே இடத்துக்கு இருவரை மாற்றி மாற்றி இறக்குவதற்கு ‘பிளாட்டூன்’ என்று பெயர். டேவிஸ் வலக்கையர். இடக்கைப் பிட்சர் வரும் வேளைக்காகவே, களத்தில் அணியை வழிநடத்தும் மேனேஜர்கள் பலர் அவரை வைத்திருந்தனர். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

டேவிஸ் 1980இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் சிறிய வளாகமான ஏவரி பாயிண்டில் ஆடினார். 2001ஆம் ஆண்டு டிராஃப்டில், அதாவது புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி அவரை 38ஆவது சுற்றில் எடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அவருக்கு முன்னால் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டனர். இன்று டிராஃப்ட் 20 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதே திறமையோடு இன்று ஓர் இளைஞர் வந்தால் அவர் பெயர் டிராஃப்டில் வாசிக்கப்படாமலேயே போயிருக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் நேராக மேஜர் லீக்குக்குப் போவதில்லை. ஒவ்வொரு பெரிய அணியின் கீழும் சிறு நகரங்களில் பல அணிகள் இயங்குகின்றன. இவற்றின் தொகுப்பே மைனர் லீக். இன்றைய அமைப்பில் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகள், மொத்தம் 120 அணிகள். ஒவ்வொரு படியிலும் பலர் உதிர்ந்துவிடுகின்றனர். ஊதியமும் மிகக் குறைவு. 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களின் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த பிறகுதான் டிரிபிள்-ஏ நிலையில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. டேவிஸ் அதற்கு வெகு முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் படிப்படியாக ஏறி, 2006 ஆகஸ்டில் தம் 25ஆவது வயதில் மேஜர் லீக்கில் கால் வைத்தார். அவ்வாண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஊதியம் 3,27,000 டாலர். ஒரு படிதான் வேறுபாடு. ஆனால் வருமானத்தில் அது ஒரு மலை. ஜர்னிமேன்கள் ஏன் இத்தனை அலைச்சலையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கான விடையில் ஒரு பகுதி இந்த எண்களில் இருக்கிறது. மேஜர் லீக்கில் 43 நாள் பணியிருந்தாலே ஓய்வூதியத் தகுதி கிடைத்துவிடும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. அந்த நாட்களுக்காகவே சிலர் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள்.

இனி, அணி மாற்றும் விதிகள். தொடக்க வாசகர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

26 பேர் கொண்ட ஆட்டப் பட்டியலுக்கு மேல் 40 பேர் கொண்ட ஒரு பெரிய பட்டியல் உண்டு. அதில் இருக்கும் இளம் ஆட்டக்காரரை அணி மைனர் லீக்குக்கு இறக்கலாம், தேவைப்படும்போது ஏற்றலாம். ஆனால் இந்த உரிமை பொதுவாக மூன்று பருவங்களுக்கு மட்டுமே. ஒவ்வொரு பருவமும் ஓர் ‘ஆப்ஷன்’ எனப்படும். மூன்றும் தீர்ந்தபின் ஒருவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால், முதலில் அவரை மற்ற 29 அணிகளும் கேட்டுப் பெற வாய்ப்பளிக்க வேண்டும். இதற்கு ‘வேவர்’ என்று பெயர். ஒரே வீரரைப் பல அணிகள் கேட்டால், தரவரிசையில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்காவிட்டால் மட்டுமே அவரைக் கீழே அனுப்பலாம். நல்ல ஆட்டக்காரரை ஓர் அணி தன்னிடமே முடக்கி வைத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி இது. ஆனால் இதன் இன்னொரு விளைவு, ஆப்ஷன் தீர்ந்த, நட்சத்திரமாகாத ஆட்டக்காரர் ஒவ்வோர் ஏப்ரலிலும் விளிம்பில் நிற்கிறார் என்பது. அவரை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அணி அவரைப் பட்டியலிலிருந்து நீக்கி அறிவிக்கிறது. அதன்பின் ஏழு நாட்களுக்குள் அவரை வேறோர் அணியுடன் பரிமாற வேண்டும், அல்லது வேவருக்கு அனுப்ப வேண்டும், அல்லது விடுவிக்க வேண்டும். அந்த ஏழு நாட்களும் அவருக்கு அணியும் இல்லை, ஆட்டமும் இல்லை. குழந்தைகளின் பள்ளி எந்த ஊரில், வீட்டு வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்ற கேள்விகளுக்கு அந்த வாரத்தில் விடை கிடையாது.

டேவிஸின் வாழ்வில் இந்த வாயில்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடின. 2007 ஜூலை 31 அன்று, பருவத்தின் நடுவே பரிமாற்றங்களுக்கான கடைசி நாளில், பைரட்ஸ் அவரைச் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்குக் கொடுத்து மாட் மாரிஸ் என்ற பிட்சரைப் பெற்றது. அடுத்த ஏப்ரலில் ஜயண்ட்ஸ் அவரை வேவரில் விட, விரிகுடாவின் மறுகரையில் இருந்த ஓக்லாண்ட் ஏ’ஸ் அவரை எடுத்துக்கொண்டது. பரிமாறப் பொருள்கூட வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓர் அணி விட்டுவிட்ட அதே மனிதர், 2009இல் ஓக்லாண்டில் .305 சராசரியில் ஆடி 41 பேஸ்களைத் திருடினார், 2010இல் 50. பேஸ்பாலில் .300 என்பது நல்ல மட்டையாளருக்கான எல்லைக்கோடு. பத்து வாய்ப்பில் மூன்றில் வெற்றிகரமாக அடித்தாலே அது நல்ல ஆட்டம். ஆயினும் 50 திருட்டுகள் முடிந்த கையோடு, அவ்வாண்டு நவம்பரில் ஓக்லாண்ட் அவரை டொராண்டோ ப்ளூ ஜேஸுக்குக் கொடுத்து இரண்டு இளம் பிட்சர்களைப் பெற்றது. இதில் பகை எதுவும் இல்லை. வேகம் வயதோடு குறையும். 30 வயதைத் தொட்டுவிட்ட ஓட்டக்காரரின் மதிப்பு அதிகமாக இருக்கும்போதே அவரைக் கொடுத்துவிடுவது நிர்வாகக் கணக்கில் சரி. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. இருந்தாலும், சிறப்பாக ஆடியதுதான் வெளியே அனுப்பப்பட்டதற்குக் காரணம் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் இன்றும் தயங்குகிறது.

ஆட்டக்காரர் தாமே தம் அணியைத் தேர்ந்தெடுக்கும் காலம் எப்போது வரும்? மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுப் பணி நிறைந்த பிறகு. பட்டியலில் இருக்கும் 172 நாட்கள் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படுகின்றன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முடிந்தால் ஊதியத்தை நடுவர் முன் வாதாடலாம். ஆறு முடிந்தால் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆகி யாருடனும் ஒப்பந்தம் செய்யலாம். இந்த உரிமை எளிதில் வந்ததன்று. அதைக் கேட்டுத் தம் வாழ்க்கையைப் பணயம் வைத்தவரும் ஒரு வெளிக்கள ஆட்டக்காரரே. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவங்கள் நடு வெளிக்களத்தைக் காத்த கர்ட் ஃப்ளட், 1969இல் பிலடெல்பியாவுக்குப் பரிமாறப்பட்டபோது போக மறுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று மேஜர் லீக்கின் ஆணையர் போவி கூனுக்கு எழுதிய கடிதத்தில், தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு பொருள் அல்லர் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1972இல் 5–3 என்ற கணக்கில் தோற்றது. அவருடைய ஆட்டவாழ்வும் அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. அவர் கேட்டது, 1975 டிசம்பரில், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பிட்சர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பின் மூலம் மற்றவர்களுக்குக் கிடைத்தது.

ஃப்ளட்டின் போராட்டத்துக்குப் பின் 1973இல் வந்த ஒரு விதி, மேஜர் லீக்கில் 10 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் கடைசி 5 ஆண்டுகளை ஒரே அணியில் கழித்த ஆட்டக்காரரை அவருடைய ஒப்புதல் இன்றிப் பரிமாற முடியாது என்கிறது. இந்த விதியைச் சற்று ஊன்றிப் பார்த்தால் ஜர்னிமேனின் நிலை விளங்கும். பத்து ஆண்டுப் பணி அவரிடம் இருக்கலாம். ஆனால் ஒரே அணியில் ஐந்து ஆண்டுகள் அவருக்கு வாய்ப்பதே இல்லை. இடம் மாற்றப்படாமல் இருக்கும் உரிமை, ஏற்கெனவே இடம் மாற்றப்படாதவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

டேவிஸ் 2013 பருவத்துக்குப் பின் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். டொராண்டோவில் 2012இல் 46, 2013இல் 45 திருட்டுகள் என்று 32 வயதிலும் வேகம் குன்றாமல் இருந்ததால், டெட்ராய்ட் டைகர்ஸ் அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் கொடுத்தது. ஜர்னிமேனின் வாழ்வில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்பது நீண்ட ஒப்பந்தம். அங்கே 2014 ஜூன் 30 அன்று, தம் பழைய அணியான ஓக்லாண்டுக்கு எதிராக, கடைசி இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் ஆட்கள் நிற்க, பந்தை மதிலுக்கு அப்பால் அடித்து, ஒரே அடியில் நான்கு ஓட்டங்களைப் பெற்று ஆட்டத்தை 5–4 என்று முடித்தார். எதிரில் எறிந்தவர் சீன் டூலிட்டில். அவர் இடக்கையர்.

2016இல் ஓராண்டு ஒப்பந்தத்தில் கிளீவ்லாண்டுக்கு வந்தார். அன்று இந்தியன்ஸ், இன்று கார்டியன்ஸ் என்ற பெயர் கொண்ட அணி. அவ்வாண்டு 43 திருட்டுகளுடன் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார். பெரும்பாலான ஓட்டக்காரர்கள் ஓய்வு பெற்றுவிடும் 35 வயதில், தம் வாழ்வில் முதன்முறையாக. கிளீவ்லாண்ட் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸுக்குள் நுழைந்தது. எதிரணி சிகாகோ கப்ஸ். ஓர் அணி 1948க்குப் பிறகும் மற்றது 1908க்குப் பிறகும் கோப்பையை வென்றதில்லை. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர் 3–3 என்று நின்று, நவம்பர் 2 அன்று ஏழாவது ஆட்டத்துக்குச் சென்றது.

எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாண்ட் 3–6 என்று பின்தங்கி, இரண்டு பேர் அவுட் ஆன நிலையில் இருந்தது. ஒருவர் முதல் பேஸை அடைந்ததும், கப்ஸ் தன் கடைசிப் படைக்கலத்தை எடுத்தது: மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல் எறியக்கூடிய அரோல்டிஸ் சாப்மன். முந்திய இரண்டு ஆட்டங்களிலும் எறிந்து களைத்திருந்தவர். பிராண்டன் கையர் அவர் பந்தை அடித்து ஓர் ஓட்டத்தைக் கொண்டுவந்தார், 4–6. அடுத்து வந்தவர் டேவிஸ். அந்த வேகத்துக்கு மட்டையை விரைவாகச் சுழற்ற வேண்டும் என்பதற்காக, கைப்பிடியின் அடியை விட்டு வெகுவாக மேலேற்றிப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தால் அடியின் வலிமை குறையும். பந்தைத் தொட்டால் போதும் என்பவர்கள் பிடிக்கும் பிடி அது. பந்துகளை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு தாழ்வாக வந்த ஒன்றை இடது எல்லைக்கோட்டை ஒட்டி அடித்தார். அது 19 அடி உயர இடது மதிலின் மேல் விளிம்பைத் தாண்டி விழுந்தது. 6–6.

ஒன்பது இன்னிங்ஸிலும் முடிவு கிடைக்காததால் ஆட்டம் கூடுதலான பத்தாவது இன்னிங்ஸுக்குச் சென்று, இடையில் 17 நிமிட மழைக்குப் பின் கப்ஸ் 8–6 என்று முந்தியது. கிளீவ்லாண்டின் கடைசி வாய்ப்பில், இரண்டு அவுட்டுக்குப் பின், டேவிஸ் மீண்டும் அடித்து ஓர் ஓட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்தவர் அவுட், 8–7 என்று கோப்பை சிகாகோவுக்குப் போனது. தோற்ற ஆட்டத்தில் அடிக்கப்பட்டதால், மதிலைத் தாண்டிய அந்த அடியை, அதாவது ஹோம் ரன்னை, ஒரு துணைக் குறிப்பாகப் பலர் எழுதிவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாப்மனும் இடக்கையரே. அணிகள் பலவும் ஒருவரை எதற்காக வாங்கினவோ, எதற்காக இருக்கையில் அமர்த்தி வைத்தனவோ, அதே வேலையை அவர் அந்த இரவில் செய்தார். அது தற்செயலாக வந்து வாய்த்த பெருமை அன்று. பதினைந்து ஆண்டுத் தொழிலறிவு ஒரு பந்தில் திரண்டு வந்தது.

குறுகிய திறமை ஒன்றை நம்பி நீண்ட வாழ்வு நடத்தியவர் டேவிஸ் மட்டும் அல்லர். கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்திலிருந்து வந்த மாட் ஸ்டேர்ஸ் அவருக்கு நேர் எதிரான உடலமைப்பு கொண்டவர்: குட்டையான, பருத்த, ஓடத் தெரியாத, ஆனால் பந்தை வெகு தொலைவு அடிக்கக்கூடிய இடக்கை மட்டையாளர். 1992 முதல் 2011 வரை 13 அணிப் பெயர்களில் ஆடினார். நடுவே 1993இல் ஜப்பானின் சுனிச்சி டிராகன்ஸுக்கும் போய்வந்தார். இன்னொருவருக்குப் பதிலாக ஆட்டத்தின் நடுவே மட்டை பிடிக்க வருபவரைப் ‘பின்ச் ஹிட்டர்’ என்பார்கள். மணிக்கணக்காக உட்கார்ந்திருந்துவிட்டு, உடல் சூடேறாத நிலையில், எதிரணியின் மிக வேகமான பிட்சரை ஒரே ஒரு முறை சந்திக்கும் வேலை அது. அவ்வகையில் 23 ஹோம் ரன்கள் அடித்து ஸ்டேர்ஸ் மேஜர் லீக் சாதனை படைத்தார். 2008 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிரான அரையிறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில், வலக்கையரான ஜோனதன் பிராக்ஸ்டனின் பந்தில் அவர் அடித்த ஹோம் ரன் பிலடெல்பியாவுக்கு வெற்றியைத் தந்தது. அந்த அணி அவ்வாண்டு கோப்பையையும் வென்றது. அவர் அந்த அணிக்கு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வேகத்தை மட்டும் வேண்டி வாங்கப்பட்டவர்களும் உண்டு. 2004 ஜூலை 31 அன்று டாட்ஜர்ஸிலிருந்து பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் பரிமாறப்பட்ட டேவ் ராபர்ட்ஸ், அவ்வாண்டு யாங்கீஸுக்கு எதிராக, தோற்றால் தொடர் முடிந்துவிடும் என்ற நிலையில், ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னொருவருக்குப் பதிலாக ஓட மட்டும் இறக்கப்பட்டு இரண்டாவது பேஸைத் திருடினார். அங்கிருந்து தொடர் திரும்பி, 1918க்குப் பின் பாஸ்டன் முதன்முறையாகக் கோப்பை வென்றது. அந்தக் குளிர்காலத்திலேயே அவர் சான் டியேகோவுக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் டாட்ஜர்ஸின் மேனேஜர் ஆனார். பல உடைமாற்று அறைகளைப் பார்த்த ஜர்னிமேன்கள் பலர் பயிற்சிப் பணிக்கு வருவது வழக்கம்தான்.

2016க்குப் பின் டேவிஸின் வழி மீண்டும் பழைய வழியே ஆனது. 2017இல் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஓக்லாண்ட். அந்த ஆகஸ்டில் பாஸ்டனுக்குப் பரிமாற்றம். 2018இல் கிளீவ்லாண்ட் அவருக்குக் கொடுத்தது மைனர் லீக் ஒப்பந்தம் மட்டுமே. வேர்ல்டு சீரிஸில் தங்களுக்காக அப்படி ஓர் அடி அடித்தவருக்கு, வசந்தகாலப் பயிற்சிக்கு வந்து இடத்தைப் போராடிப் பெறுங்கள் என்ற அழைப்பு. போராடிப் பெற்றார், 37 வயதில் 21 பேஸ்கள் திருடினார். அடுத்த ஆண்டு நியூயார்க் மெட்ஸும் அதே வகை ஒப்பந்தத்தையே தந்தது. பருவம் தொடங்கியபோது அவர் டிரிபிள்-ஏ அணியான சிரக்யூஸில் இருந்தார்.

2019 மே 22 அன்று சிரக்யூஸ் அணி பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் ஆட வந்திருந்தது. மெட்ஸின் வெளிக்கள ஆட்டக்காரர் ஒருவர் காயமடைந்திருந்ததால், அன்று மாலையே நியூயார்க் வரும்படி டேவிஸுக்கு அழைப்பு வந்தது. அவர் 243 டாலர் கட்டணத்தில் ஓர் ஊபர் வண்டியைப் பிடித்து, சுமார் 160 கிலோமீட்டர் தொலைவு பயணம் செய்து, மூன்றாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கும்போது மைதானத்தை அடைந்தார். எட்டாவது இன்னிங்ஸில் அவரைப் பின்ச் ஹிட்டராக அனுப்பினார்கள். எதிரே வாஷிங்டன் சட்டையில் நின்றவர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் டெட்ராய்டில் அவரிடம் அடி வாங்கிய அதே இடக்கையர், சீன் டூலிட்டில். டேவிஸ் பந்தை மதிலுக்கு அப்பால் அனுப்பினார், மூன்று ஓட்டங்கள். மெட்ஸ் சட்டையில் அவர் மட்டை பிடித்த முதல் வாய்ப்பு அது. அவர் மேஜர் லீக்கில் அடித்த 62 ஹோம் ரன்களில் அதுவே கடைசி.